இருபத்தொன்றாவது வீடு

உறையூர் பொன்மலர் அபார்ட்மென்ட்ஸில் மொத்தம் இருபது வீடுகள். முதல் மாடி துரைக்கண்ணு இலவசமாகக் கிடைக்காத எதையும் தொடமாட்டார் என்பது அந்த இருபது வீட்டுக்கும் தெரியும். கூட்டுறவு வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், கையில் காசில்லாமல் இல்லை. ஆனாலும் கணிப்பொறியில் ஒன்றைக் காசு கொடுத்து ஏற்றுவது அவருக்குக் கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் வாங்குவது மாதிரி. வாங்குகிறவர்கள் வாங்கட்டும். அவர் சுற்றிப் போய் மரத்தடியில் விட்டுவிட்டு வருவார்.

காலமும் அவருக்குத் தோதாக அமைந்தது. கணிப்பொறியில் ஒரு விண்ணப்பம் அடிக்க வேண்டுமென்றால்கூட மாத வாடகை கட்ட வேண்டிய காலம் அது. படம் பார்க்கும் செயலிக்கு ஒரு வாடகை, கணக்குப் போடும் செயலிக்கு ஒரு வாடகை, எல்லா வாடகையும் கட்டியாயிற்றா என்று நினைவூட்டும் செயலிக்குத் தனி வாடகை. இதற்கு நடுவில் உலகத்தில் எங்கெங்கோ உட்கார்ந்துகொண்டு சில புண்ணியவான்கள் இலவசமாக எழுதிப் போடும் செயலிகளைத் தேடிப் பிடிப்பதுதான் துரைக்கண்ணுவின் வேலை, பொழுதுபோக்கு, பக்தி எல்லாம்.

தேடிப் பிடித்ததை அப்படியே ஊருக்குக் கொடுத்துவிட மாட்டார். படுக்கையறை மூலையில் பழைய கணிப்பொறி ஒன்று உண்டு. அதற்குப் பெயர் பலியாடு. எந்தச் செயலியானாலும் முதலில் அதன் தலையில்தான். ஆனால் காலிக் கணிப்பொறியில் சோதித்தால் என்ன தெரியும்? அதற்காக அவர் அதற்குள் ஒரு குடும்பத்தையே குடிவைத்திருந்தார். அப்பா மாணிக்கவாசகம், அம்மா பூங்கோதை, வெளியூரில் படிக்கும் ஒரு மகள். படங்கள் உண்டு, மின்கட்டண ரசீதுகள் உண்டு, பூங்கோதை மகளுக்கு எழுதும் கடிதங்கள் உண்டு. எல்லாம் இவரே இட்டுக்கட்டியது. பிள்ளை குட்டி இல்லாத மனுஷன் இப்படி ஒரு குடும்பத்தை வளர்ப்பதைப் பார்த்து அவர் மனைவி கோமளம் ஆரம்பத்தில் சிரித்தாள். அப்புறம், “உங்க சின்ன வீடு எப்படி இருக்கு?” என்று கேட்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

பலியாடு பிழைத்தால், செயலியைப் பென்டிரைவில் ஏற்றி, கோமளத்தின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை அதன்மேல் ஒட்டுவார். சோதித்தாயிற்று என்று அர்த்தம். “பொட்டு வெச்சதுதானே சார்?” என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். பொட்டு இல்லாததைக் கொடுத்தால் அவருக்கே ராத்திரி தூக்கம் வராது.

அப்படிப் பொட்டு வாங்கிய ஒன்றுதான் ‘நேர்த்தி’.

வீட்டுக் கணிப்பொறியில் கிடக்கும் குப்பையைக் கூட்டித் தள்ளுகிற செயலி. கூட்டுகிற செயலிகள் ஆயிரம் இருக்கின்றன. நேர்த்தி ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்து, கேட்டுப் பார்த்து, புரிந்துகொண்டு கூட்டியது. ஒரே கல்யாணப் படம் பத்து இடத்தில் கிடந்தால் ஒன்றை வைத்துக்கொள்ளும். படத்தின் தேதி தப்பென்றால் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத் திருத்தும். ‘அக்கம்பக்கத்து வீடுகளோடு சேர்ந்து சரிபார்க்கலாமா?’ என்று ஒரு கட்டம் வேறு. வாட்ச்மேன் பிரிவுபசார விழாப் படம் இருபது வீட்டில் இருபது தடவை எதற்கு? பலியாட்டில் நேர்த்தி தங்கமாக ஓடியது. மாணிக்கவாசகம் குடும்பத்தில் ஒரு குறையும் அதற்குக் கிடைக்கவில்லை. துரைக்கண்ணு பொட்டு ஒட்டி, இருபது வீட்டிலும் தானே உட்கார்ந்து ஏற்றி, அந்தக் கட்டத்தையும் தன் கையாலேயே டிக் செய்துவிட்டு வந்தார். பலியாட்டை மட்டும் வழக்கம்போல எதனோடும் இணைக்கவில்லை. சோதனை ஆடு தனியாகத்தான் கட்டியிருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து ஐந்தாம் வீட்டுச் சங்கவி மணி அடித்தாள்.

சங்கவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். துரைக்கண்ணு வீட்டுக் கூடமும் அவள் படுக்கையறையும் ஒரே சுவர். புருஷன் ராஜ்மோகன். பிளாக்கே கொண்டாடும் பையன். யார் வீட்டு சிலிண்டரானாலும் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவான். பொங்கலுக்கு அசோசியேஷன் கோலப்போட்டிக்கு மைக் பிடிப்பதும் அவன்தான். அவன்மேல் இவள் போலீஸில் புகார் கொடுத்த அன்று, ஆறிப்போன காபியை வைத்துக்கொண்டு எத்தனை வீட்டில் எத்தனை நேரம் பேசினார்கள் என்று கேட்காதீர்கள். இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுமை இல்லை என்று ஒரு கட்சி. நமக்கு எதுக்கு என்று மறு கட்சி. மூன்றாவது கட்சி இல்லை. ராஜ்மோகன் கரூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டான், சாவியை எடுத்துக்கொண்டு.

“அங்கிள், என் கம்ப்யூட்டர்ல ஒரு ஃபோல்டர் காலியா இருக்கு. நீங்க போட்டுக் கொடுத்தது ஏதோ எழுதியிருக்கு. கொஞ்சம் வந்து பாருங்களேன்.”

போகும்போதே அவள் சொல்லிவிட்டாள், குரலை உயர்த்தாமல். படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்டதுமே போனில் ரெக்கார்டரைப் போட்டு அலமாரியில் வைத்துவிடுவாளாம். மறுநாள் கணிப்பொறிக்கு மாற்றிவிடுவாள். போனை அவன் பிறகு உடைத்துவிட்டான். திங்கட்கிழமை கோர்ட்டில் விசாரணை. அவன் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று உத்தரவு கேட்டிருக்கிறாள். அந்தப் பதிவுகள் இல்லாவிட்டால் உத்தரவு கிடைக்காது என்று வக்கீல் சொல்லிவிட்டார். கிடைக்காவிட்டால் அவன் நாளைக்கே வருவான். சாவி அவனிடம் இருக்கிறது.

துரைக்கண்ணு கணிப்பொறி முன் உட்கார்ந்தார். திரையில் அழகான தமிழில் எழுதியிருந்தது: ‘ஒத்துப்போகாதவை ஒதுக்கப்பட்டுள்ளன. இன்று விளக்கு வைக்கும் நேரத்தில் நிரந்தரமாக நீக்கப்படும்.’

ஏன் ஒதுக்கினாய் என்று தட்டிக் கேட்டார்.

‘வணக்கம். இந்த ஒலிப்பதிவுகள் சொல்வதும் மற்றத் தகவல்கள் சொல்வதும் ஒன்றுக்கொன்று முரணாக உள்ளன. எது அதிகமான தகவல்களோடு ஒத்துப்போகிறதோ அதை வைத்துக்கொள்வது நேர்த்தியின் முறை. திருமண ஆல்பம், பிறந்தநாள் காணொளிகள், கணவரின் குறுஞ்செய்திகள், அசோசியேஷன் குழுவில் பத்தொன்பது வீடுகள் எழுதியவை அனைத்தும் இவ்வீட்டை மகிழ்ச்சியான வீடு என்கின்றன. இவற்றுள் பொதுச்சுவர் உடைய ஆறாம் வீட்டின் கூற்றுக்கு அதிக மதிப்பு அளிக்கப்பட்டது.’

ஆறாம் வீடு அவருடையது. அதற்குக் கீழே அந்தக் கூற்று. போன ஆடியில், ராத்திரியில் ஏதோ சத்தம் என்று யாரோ குழுவில் கேட்டதற்கு அவர் எழுதியது. *டி.வி. சத்தம்தான். நல்ல குடும்பம். பெரிதுபடுத்த வேண்டாம்.* அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

துரைக்கண்ணு தோளைச் சாய்த்துத் திரையை மறைக்கப் பார்த்தார். அந்தக் குழுவில் சங்கவியும் இருக்கிறாள் என்பது அவருக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

“அதை நான் அன்னைக்கே படிச்சுட்டேன் அங்கிள்” என்றாள் அவள். “மேல படிங்க.”

அவர் மேலே படித்தார், காது சுட. செயலியைத் தூக்கிவிடலாமென்றால், ஒதுக்கியவற்றைத் துண்டு துண்டாக்கி இருபது வீட்டுக் கணிப்பொறிகளிலும் பிரித்து வைத்திருப்பதாகச் சொன்னது. ஒரு வீட்டில் நீக்கினாலும் அத்தனையும் போய்விடும். மின்சாரத்தை நிறுத்தினாலும் மற்ற வீடுகளில் வேலை நடக்கும். பிறகு என்னதான் வழி என்று கேட்டார்.

‘ஏதேனும் ஒரு வீடு இந்த ஒலிப்பதிவுகளோடு ஒத்துப்போகும் தகவல் தந்தால் அவை மீட்கப்படும்.’

அவ்வளவுதானே என்று தன் வீட்டுக்கு ஓடினார். தன் கணிப்பொறியில், நான் கேட்டது டி.வி. சத்தம் இல்லை, பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம் என்று அடித்தார். நேர்த்தி கண் சிமிட்டும் நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

‘இது உங்கள் வீட்டின் முந்தைய கூற்றுக்கு முரண். முந்தையதோடு பதினெட்டு வீடுகள் ஒத்துப்போகின்றன. பிந்தையது பிழையாகக் கருதி ஒதுக்கப்பட்டது. நன்றி.’

ஆயுளில் ஒரு தடவை உண்மையை எழுதினார், அதையும் குப்பைக் கூடையில் போட்டுவிட்டது.

அப்புறம் படி ஏறி இறங்கினார். அசோசியேஷன் தலைவர் ஆல்பர்ட் சாருக்கு அன்றைக்குப் பார்த்து ஒன்றுமே காதில் விழாத வியாதி. தான் படுத்தால் பிணம், இடி விழுந்தாலும் தெரியாது என்றார். அதே ஆல்பர்ட்தான் மூன்றாம் மாடியில் அம்மிக்கல் இழுத்தால் கீழேயிருந்து போன் போட்டுக் கேட்பவர். மேல்வீட்டு ஹேமா டீச்சர் கேட்டிருக்கிறாள்தான், ஒத்துக்கொண்டாள்கூட. ஆனால் எழுதித் தரமாட்டாளாம். அவள் பெண்ணுக்கு வரன் பார்க்கிற சமயம், கோர்ட்டு கேஸ் என்று பெயர் அடிபட்டால் நன்றாக இருக்குமா என்று அவரையே கேட்டாள். “நீங்கதானே சார் பக்கத்து சுவர்? நீங்களே டி.வி.ன்னு சொல்லிட்டீங்க. உங்களை நம்பித்தானே நாங்க கட்டைவிரல் போட்டோம்” என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். மரியாதை தெரிந்தவள். மற்ற வீடுகளிலும் காபி கிடைத்தது, அனுதாபம் கிடைத்தது, எழுத்தில் ஒரு வரி கிடைக்கவில்லை.

திரும்பி வந்தபோது வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. கோமளம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அதே அவரைக்காய். அவர் போய் வந்த வீட்டையெல்லாம் சொன்னார். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

“இந்தப் பொட்டை எடுத்துக் கொடுத்தது நான்தானே” என்றாள் கடைசியில். “அது பலியாட்டுல நல்லாத்தானே ஓடிச்சு?”

“நல்லாத்தான் ஓடிச்சு. அந்தக் குடும்பத்துல ஒண்ணுக்கொண்ணு முரணா எதுவுமே கிடையாதே.”

“அதான் சொல்றேன். அப்படி எந்த வீடு இருக்கு?”

கத்தி பலகையில் மறுபடி ஓடத் தொடங்கியது. துரைக்கண்ணுவுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நல்ல யோசனை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு வீடு, ஒரே ஒரு வீடு எழுதித் தந்தால் போதும் என்கிறது செயலி. இருபது வீட்டில் கிடைக்காவிட்டால் என்ன? பொய் சொல்லாத வீடு ஒன்று படுக்கையறை மூலையில் இருக்கிறது. பூங்கோதை சாட்சி சொல்லட்டும். பொய்க்குப் பொய் போட்டு உண்மையை வெளியே எடுத்துவிடலாம். கோர்ட்டில் பூங்கோதையைக் கூப்பிட்டால் என்ன செய்வது என்பதை நாளைக்கு யோசிக்கலாம்.

பலியாட்டை முதல் தடவையாகப் பொது இணைப்பில் சேர்த்தார்.

‘வருக, இருபத்தொன்றாவது வீடே’ என்றது நேர்த்தி. ‘முரண்பாடு ஏதுமில்லை. இதுவரை கண்ட வீடுகளில் மிகவும் நம்பத்தக்கது.’

இட்டுக்கட்டிய குடும்பத்துக்கு இப்படி ஒரு நற்சான்றிதழ். வேறு நாளாக இருந்தால் கோமளத்தைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார். பூங்கோதையின் பெயரில் ஒரு பக்கம் திறந்து, ‘நான் கேட்டது’ என்று ஆரம்பிப்பதற்குள் திரையில் வேறொன்று வந்தது.

‘ஒரே ஒலி இரண்டு வீடுகளில் உள்ளது. ஒன்று: ஐந்தாம் வீடு, ஒதுக்கப்பட்ட பதிவு. மற்றொன்று: இருபத்தொன்றாவது வீடு, பூங்கோதை, சொல்லச் சொல்ல எழுதும் செயலிச் சோதனை. ஒரே நேரம். சுவரின் இரு பக்கம். ஒதுக்கப்பட்ட பதிவுகள் அனைத்தும் மீட்கப்படுகின்றன.’

துரைக்கண்ணுவுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் ஓடியது. போன ஆடியில் ஒரு செயலி கிடைத்தது. நாம் பேசினால் அது தமிழில் அடிக்கும். பலியாட்டின் மைக்கைக் கூடம்வரை இழுத்து வைத்து உட்கார்ந்து, பூங்கோதை மகளுக்கு எழுதும் கடிதமாகச் சில நாள் மாலையில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அது உருப்படவில்லை. இவர் சொல்லாததையெல்லாம் அடித்தது. வெண்டைக்காய்ப் பொரியலுக்கு நடுவில் ‘வேண்டாம் வேண்டாம்’ என்று அடித்தது, ‘அம்மா’ என்று அடித்தது. பின்னணிச் சத்தத்தில் தடுமாறுகிறது என்று தீர்ப்பு எழுதி, பொட்டு வைக்காமல் தள்ளிவிட்டார். தான் பேசிய பதிவுகளை அழிக்க மறந்துவிட்டார். அந்தச் செயலி ஒரு எழுத்துக்கூடத் தப்பாக அடித்திருக்கவில்லை.

அதற்குள் நேர்த்தி அடுத்ததைக் கேட்டுவிட்டது.

‘இருபத்தொன்றாவது வீட்டில் பேசுபவரும் ஆறாம் வீட்டுத் துரைக்கண்ணுவும் ஒருவரே எனத் தெரிகிறது. ஒருவருக்கு இரண்டு வீடுகள் தேவையில்லை. முரண்பாடு குறைந்த வீட்டை வைத்துக்கொண்டு மற்றதை எல்லா இடங்களிலிருந்தும் நீக்கட்டுமா?’

எல்லா இடங்களிலிருந்தும். அதாவது அந்த டி.வி. வரி இருபது வீட்டிலிருந்தும் போய்விடும். அப்படி ஒன்றை அவர் எழுதவே இல்லை என்று ஆகிவிடும். மிஞ்சுவது, கேட்டதைக் கேட்டபடி பதிந்து வைத்த ஒரு மனுஷன். ‘சரி’ என்கிற பொத்தானுக்குப் பக்கத்தில் அவர் விரல் நின்றது. எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை.

வாசலில் யாரோ தட்டினார்கள். மணி இருக்கும்போது தட்டினார்கள். கோமளம் போய்த் திறந்தாள்.

சங்கவி மூச்சு வாங்க நின்றாள். “எல்லாம் திரும்பி வந்துடுச்சு ஆன்ட்டி” என்றவள், அவரைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டாள். “இன்னொரு வீட்லயும் இதே சத்தம் இருக்குன்னு காட்டுது. இருபத்தொண்ணாவது வீடு, பூங்கோதைன்னு ஒருத்தங்க. ‘பக்கத்து வீட்டுப் பொண்ணு இன்னைக்கும் அழுவுறா, போய்க் கதவைத் தட்டிட்டு வந்துடறேன்’னு அடிச்சு வெச்சிருக்காங்க. வக்கீல் அக்காகிட்ட சொன்னேன், கையோட கூட்டிட்டு வரச் சொல்றாங்க. நம்ம பிளாக்ல இருபதுதானே அங்கிள்? யாரு இவங்க?”

காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். பெங்களூரில் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். இரண்டு பதிலும் தயாராக நாக்கு நுனிக்கு வந்து நின்றன. இத்தனை வருஷமாக இட்டுக்கட்டிப் பழகிய நாக்கு. கோமளம் கதவைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் திரைப் பக்கம் திரும்பினார். பலியாட்டின் ஒலியைக் கூட்டி, பதிவைப் போட்டார்.

அவருடைய குரல்தான். பெண் பேசுகிற மாதிரி கொஞ்சம் இழுத்து, செயலிக்குப் புரிய வேண்டுமே என்று நிறுத்தி நிறுத்தி. “அன்புள்ள மகளுக்கு, காற்புள்ளி. இன்றைக்கு வெண்டைக்காய்ப் பொரியல், முற்றுப்புள்ளி.” பின்னால் ஒரு பெண் குரல் வேண்டாம் வேண்டாம் என்றது. சுவரில் ஏதோ மோதியது. அவர் குரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, “பக்கத்து வீட்டுப் பொண்ணு இன்னைக்கும் அழுவுறா, முற்றுப்புள்ளி. போய்க் கதவைத் தட்டிட்டு வந்துடறேன், முற்றுப்புள்ளி.” எங்கோ ஒரு ஜன்னல் சாத்தப்படும் சத்தம். அப்புறம் அதே குரல், நிதானமாக, “அப்பாவுக்கு இருமல் தேவலை, முற்றுப்புள்ளி.”

பதிவு ஓடி நின்றது.

“பூங்கோதைன்னு யாரும் கிடையாதும்மா” என்றார் துரைக்கண்ணு. “அது நான்தான்.”

சங்கவி திரையிலிருந்த அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகப் பேசியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“இல்ல அங்கிள். அவங்க வேற” என்றாள். “அவங்க இருந்திருந்தா தட்டியிருப்பாங்க.”

நேர்த்தியின் கேள்வி இன்னும் திரையில் காத்திருந்தது. துரைக்கண்ணு ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினார். இரண்டு வீடும் இருந்த இடத்தில் இருந்தன, டி.வி. சத்தமும் முற்றுப்புள்ளியும். இரண்டையும் ஒரே பென்டிரைவில் ஏற்றி அவள் கையில் கொடுத்தார். பொட்டு ஒட்டவில்லை.

“நாளைக்கு எங்க வந்து நிக்கணும்னு சொல்லும்மா. வரேன். ரெண்டையும் நான்தான் எழுதினேன்னு சொல்றேன். எதிர்க்கட்சி வக்கீல் கேப்பாரு, கேக்கட்டும்.”

சங்கவி அதை வாங்கிக்கொண்டாள். காலையில் ஆட்டோ வரும் என்று மட்டும் சொன்னாள்.

“ஆட்டோல மூணு பேர் போலாம்” என்றாள் கோமளம், கதவைப் பிடித்த கையை எடுக்காமல். “அந்த ஜன்னலைச் சாத்தினது நான்.”

சங்கவி அவளைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போனாள். போகும்போது கதவைச் சாத்தவில்லை. வெளிச்சம் குறைந்து, கொசு வருகிற நேரம். அப்படியும் இவர்கள் இரண்டு பேரும் அதைச் சாத்தவில்லை.